மார்கழியில் ஒரு பெரிய நாள்

மார்கழி பிறந்துவிட்டது என்பதை நம் ஊரில் யாரும் நாட்காட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. விடியுமுன்பே கோயில் ஒலிபெருக்கி சொல்லிவிடும். வாசல் தெளிக்கும் ஓசை சொல்லிவிடும். கோலத்தின் நடுவே சாண உருண்டையில் செருகிய பூசணிப் பூ சொல்லிவிடும். சென்னையிலிருந்து 1,500 கிலோமீட்டருக்கு அப்பால், வங்காளத்து ரயில்வே குடியிருப்பொன்றில் வாழும் என் போன்றோருக்கு அந்தச் சாட்சிகள் ஒன்றும் கிடையா. இங்கே மார்கழியை அறிவிப்பவை வேறு. குளிருக்கு அஞ்சிய வங்காளி அன்பர்கள் தலையோடு காதையும் மூடும் குரங்குக் குல்லாயை அணிந்துகொண்டு சந்தைக்குப் புறப்படுவார்கள். மிட்டாய்க் கடைகளில் புதிய பேரீச்ச வெல்லத்தின் மணம் எழும். கடை வாயில்களில் வண்ணக் காகித நட்சத்திரங்கள் தொங்கும். கிறிஸ்துமஸ் வரப்போகிறது என்று பொருள்.

வங்காளிகள் இப்பண்டிகையைப் ‘பொரோதின்’ என்பார்கள். பெரிய நாள் என்று அர்த்தம். கிறிஸ்துவர்கள் சிறுபான்மையினராக உள்ள இம்மாநிலத்தில், இது எல்லாருடைய பண்டிகையாகவும் ஆகிவிட்டிருப்பது புதிதாக வந்தவர்களுக்கு வியப்பளிக்கும். டிசம்பர் 24-ஆம் தேதி மாலை கல்கத்தாவில் பார்க் தெருவில் நடக்க இடமிராது. 1847-இல் அர்ப்பணிக்கப்பட்டு, 1934-ஆம் ஆண்டு பூகம்பத்தில் கோபுரம் இடிந்து மீண்டும் எழுந்த செயின்ட் பால் தேவாலயத்தின் முன்னே, எல்லா மதத்தினரும் குழந்தைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். நியூ மார்க்கெட்டில் நாஹூம் கடை என்று ஒன்று உண்டு. பாக்தாதிலிருந்து வந்த யூதர் ஒருவர் 1902-இல் தொடங்கிய வியாபாரம் அது. யூதருடைய கடையில், கிறிஸ்துவர் பண்டிகைக்கான கேக்கை வாங்க, நெற்றியில் குங்குமமிட்ட மாதர்கள் மணிக்கணக்கில் காத்து நிற்பதை அங்கே காணலாம். நகரத்தின் ரொட்டிக் கிடங்குகளில் அந்த மாதம் இரவும் பகலும் மாவு பிசையும் கைகளில் முஸ்லிம் தொழிலாளரின் கைகள் பல. ஒரு துண்டுக் கேக்கில் இத்தனை பேருக்குப் பங்கு இருக்கிறது.

இதைவிட நம்மவர்கள் வியக்கத்தக்க செய்தியும் ஒன்றுண்டு. பேலூர் மடத்தில் ஆண்டுதோறும் டிசம்பர் 24 மாலையில் ஏசுபிரானின் படத்தை அலங்கரித்து, கேக்கும் கனிகளும் நிவேதனம் செய்து ஆராதிக்கிறார்கள். ஸ்ரீராமகிருஷ்ணர் மறைந்த 1886-ஆம் ஆண்டின் இறுதியில், நரேந்திரரும் அவருடைய சகோதர சீடர்களும் ஆந்த்பூர் என்ற கிராமத்தில் தீ மூட்டி அதைச் சுற்றி அமர்ந்து துறவு பூணுவதெனச் சங்கற்பம் செய்துகொண்டார்கள். அன்றிரவு நரேந்திரர் ஏசுவின் வாழ்வைப் பற்றிப் பேசினார். அது கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவு என்பது அவர்களுக்குப் பின்னரே நினைவுக்கு வந்ததாம். அந்த நினைவே இன்றும் பூஜையாக நடந்து வருகிறது.

இவையெல்லாம் பெரிய இடத்துச் செய்திகள். பெரிய நாளின் அற்புதத்தை நான் கண்டது விளக்கலங்காரத்தில் அன்று. அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்கிடையே போய் வந்த ஒரு பீங்கான் தட்டில் கண்டேன். அதைச் சொல்லவே இக்கட்டுரை.

நான் வேலை பார்ப்பது கரக்பூரில். பெங்கால் நாக்பூர் ரயில்வே காலத்தில் எழுந்து, 1955-இல் தென்கிழக்கு ரயில்வேயின் கீழ் வந்த ஊர் இது. 1,072 மீட்டர் நீளமுள்ள எங்கள் நடைமேடை ஒரு காலத்தில் உலகிலேயே மிக நீளமானதென்று பெயர் பெற்றிருந்தது. பின்னர் கோரக்பூரும் ஹூப்ளியும் எங்களை முந்திவிட்டன. பத்தாம் வகுப்புத் தேறி, கடைநிலை ஊழியனாகச் சேர்ந்து, இலாகாத் தேர்வெழுதிக் குமாஸ்தாவானவன் நான். 2014-ஆம் ஆண்டு எங்களுக்குக் குடியிருப்பு கிடைத்தது. என் தாயாரும், மனைவியும், கைக்குழந்தையும் திருச்சி பொன்மலையிலிருந்து வந்து சேர்ந்தார்கள்.

அடுத்த வீட்டில் ஆங்கிலோ இந்தியக் குடும்பம். குடும்பமென்றால் இரண்டே பேர்: சரக்கு ரயில் ஓட்டும் மணமாகாத மகன், அவருடைய வயது முதிர்ந்த தாயார். மகள் ஆஸ்திரேலியாவில். அம்மூதாட்டியின் மாமனாரும் கணவரும் என்ஜின் டிரைவர்களாக இருந்தவர்கள். ஒரு காலத்தில் இந்த ஊரின் தெருக்கள் அச்சமூகத்தாரால் நிறைந்திருந்தனவாம். அரசியல் சாசனத்தின் 336-ஆவது பிரிவின்படி ரயில்வேயில் அவர்களுக்கிருந்த தனி ஒதுக்கீடு, ஈராண்டுக்கு ஒருமுறை பத்து சதவீதமாகக் குறைந்துகொண்டே வந்து, 1960-இல் முற்றும் நின்றுபோயிற்று. சுதந்திரத்துக்குப் பின் பலர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் கப்பலேறினார்கள். மக்களவையில் அவர்களுக்கிருந்த இரண்டு நியமன இடங்களும் 2020 ஜனவரியில் ஒழிந்தன. போனவர்கள் போக, இருப்பவர்கள் இருந்தார்கள். அப்படி இருந்தவர்களில் ஒருவர் அந்த அம்மாள்.

2014 டிசம்பர் 25 காலை அவரே எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். கையில் நீலப் பூப்போட்ட பீங்கான் தட்டு. அதன்மேல் கையால் பின்னிய வெண்துணி. தட்டில் கருஞ்சிவப்பான பழக்கேக், ரோஸ் குக்கி என்று அவர்கள் சொல்லும் பலகாரம், சங்குபோல் சுருண்ட குல்குல். இந்தியில் வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார். என் தாயார் முகமலர்ச்சியோடுதான் வாங்கிக்கொண்டார். ஆனால் எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. அந்த அம்மாள் வேலியைத் தாண்டும் முன்பே, பாத்திரம் துலக்க வந்த பெண்ணைப் பின்கட்டுக்கு அழைத்து, எல்லாவற்றையும் அவள் முந்தானையில் கொட்டிவிட்டார். இரண்டு வீட்டுக் கொல்லைக்கும் நடுவே இருப்பது இடுப்பளவு உயரமுள்ள செம்பருத்தி வேலிதான். அதற்கப்பால், துணி உலர்த்தும் கயிற்றின் கீழ், அடுத்த வீட்டு அம்மாள் நின்றுகொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவரும் எங்களைப் பார்த்தார்.

அன்று பிற்பகல் தட்டைக் கழுவித் துடைத்து வெறுமனே கொடுத்தனுப்பினோம். ஊரில் ஒரு கிண்ணம் மோர் வந்தாலும், அந்தக் கிண்ணத்தில் நாலு கத்தரிக்காயாவது போட்டுத் திருப்புகிறவர் என் தாயார். அன்று மட்டும் அவருக்கு அது தோன்றவில்லை. அயலூர், அயல் பாஷை, அயல் மதம். நமது முறைமைகள் நம்மவர்களுக்குத்தான் என்று நினைத்துவிட்டோம் போலும். சொல்லிக்காட்ட வேண்டிய என்னாலும் வாய் திறக்க முடியவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பொங்கல் வந்தது. செய்த தவறு மனத்தை உறுத்த, என் மனைவி ஒரு பித்தளைத் தட்டில் சர்க்கரைப் பொங்கலும் கரும்புத் துண்டும் வைத்து எடுத்துச் சென்றாள். அரை மணி நேரத்தில் தட்டு திரும்பி வந்தது. அதில் இரண்டு கைப்பிடி சர்க்கரை. கொண்டு வந்தவர் அந்த அம்மாளே. என் தாயாரைப் பார்த்து, தமிழில், கொஞ்சம் பழைய சென்னைத் தமிழில், பின்வருமாறு சொன்னார்:

“வெறும் தட்டைத் திருப்பி அனுப்பக் கூடாது, இல்லையா அம்மா? பெரம்பூரில் எங்கள் அடுத்த வீட்டுப் பாட்டி எனக்குச் சொல்லித் தந்திருக்கிறாள்.”

பெரம்பூர் ரயில்வே குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவர் அவர்! மணமாகி இங்கு வந்த பிறகு தமிழ் பேச ஆளில்லாமல் பேச்சே துருப்பிடித்துவிட்டதாம். நாங்கள் குடி வந்த நாளிலிருந்து நாங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். என் தாயார் பதில் சொல்லாமல் சர்க்கரைத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

அதன் பிறகு இரண்டு மூதாட்டிகளும் வேலியருகே நின்று பேசத் தொடங்கினார்கள். என் தாயாருக்குப் பொன்மலை, அவருக்குப் பெரம்பூர், இரண்டும் ரயில்வே பட்டறைகளைச் சுற்றி வளர்ந்த ஊர்கள். பட்டறைச் சங்கை வைத்துச் சமையலுக்கு நேரம் பார்த்ததும், இரவுப் பணிக்குப் போனவர் திரும்பும்வரை விழித்திருந்ததும் இருவருக்கும் பொது. எங்கள் தாயார் பழைய வழக்கப்படி அவரைத் ‘துரைசானியம்மா’ என்றே அழைப்பார். அவர் அதைக் கேட்டு நகைப்பார். ஆனால் முந்திய டிசம்பரில் நடந்ததைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பேசாத அந்த ஒன்று வேலியில் முள்ளாக இருந்துகொண்டே இருந்தது.

அடுத்த ஆண்டு, அதாவது 2015-இல், டிசம்பர் 24 மாலை ஏழு மணிக்கு அடுத்த வீட்டு மகனுக்கு அழைப்பு வந்துவிட்டது. டாடாநகர்ப் பக்கம் போகும் சரக்கு வண்டி. வண்டி ஓட்டுகிறவர்களுக்குப் பண்டிகை கிடையாது என்பது நம் ரயில்வே குடும்பங்களுக்குத் தெரிந்த சங்கதிதான். தாயாரை நள்ளிரவுப் பூசைக்கு அழைத்துச் செல்ல வேண்டியவர், சிவப்பு விளக்கையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். தேவாலயம் ஏறத்தாழ ஒரு மைல். கடுங்குளிர், மூடுபனி வேறு. “பரவாயில்லை, இந்த வருஷம் வீட்டிலேயே ஜெபம் செய்துகொள்கிறேன்” என்று அந்த அம்மாள் சொன்னது வேலிக்கு இப்பால் கேட்டது.

இரவு பதினொரு மணிக்கு என் தாயார் கம்பளியைப் போர்த்திக்கொண்டு என்னை எழுப்பினார். “டார்ச்சை எடுத்துக்கொள். துரைசானியம்மா தனியாக இருக்கிறாள். பிள்ளை பிறக்கிற நேரத்தில் வீட்டில் தனியாக உட்காருவார்களா?”

மூவரும் நடந்தோம். என் தாயார் தம் வாழ்நாளில் ஒரு மாதா கோயிலுக்குள் நுழைந்தது அன்றுதான். செருப்பை எங்கே விடுவதென்று முதலில் தேடினார். அங்கே விட வேண்டியதில்லை என்று சொன்னபோதும் கேளாமல், வாயிற்படியோரமாகக் கழற்றி வைத்துவிட்டே வந்தார். பூசை ஆங்கிலத்தில் நடந்தது. அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிராது. ஆனால் வைக்கோல் பரப்பிய குடிலில் தொட்டில் காலியாக இருந்ததையும், பன்னிரண்டு மணிக்கு மணியோசையோடு குழந்தை உருவத்தைக் கொணர்ந்து அதில் கிடத்தியதையும் இமையாமல் பார்த்தார். “நம் கண்ணனும் நடுநிசியில் பிறந்தவன்தானே!” என்று என் காதில் மெல்லச் சொன்னார். அந்த அம்மாள் முழந்தாளிட்டபோது, இவர் எழுந்து நின்று கைகூப்பினார்.

திரும்பி வரும் வழியில், பாதி தூரத்தில், என் தாயார் நின்றார்.

“துரைசானியம்மா, போன வருஷம் நீங்கள் கொடுத்த பலகாரத்தை நாங்கள் சாப்பிடவில்லை.”

“எனக்குத் தெரியுமே. வேலைக்காரப் பெண் மறுநாளே வந்து சொன்னாள்: கேக் மிகவும் நன்றாயிருந்தது, பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டு தின்றார்கள் என்று. அதனால் இந்த வருஷம் அவளுக்கென்று தனியாகவே ஒரு தட்டு வைத்திருக்கிறேன்.” சற்று நடந்த பின் சொன்னார்: “உங்களுக்கு முட்டை இல்லாமல் செய்திருக்கிறேன் அம்மா. தேங்காய்ப் பாலும் அரிசி மாவும் மட்டுந்தான். எண்ணெய்ச் சட்டியும் புதிது.”

நான் டார்ச்சைத் தரையை நோக்கிப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தேன். அவர்கள் இருவருடைய முகத்தையும் பார்க்க எனக்குத் துணிவில்லை.

பின்னர் உறங்குவதற்கு நேரமேது? நான்கு மணிக்கெல்லாம் என் தாயார் நீராடி மார்கழிக் கோலமிட வாசலுக்குப் போய்விட்டார். விடிந்து நான் பார்க்கும்போது, எங்கள் வாசலில் வழக்கமான புள்ளிக் கோலம் இருந்தது. அடுத்த வீட்டு வாசலில் ஒரு பெரிய நட்சத்திரக் கோலம். அன்று மாலை வண்டியை விட்டிறங்கி வீடு வந்த மகன், அதை மிதிக்காமல் ஓரமாகக் கால் வைத்து ஏறியதையும் பார்த்தேன்.

காலையில் தட்டு வந்தது. துணியை நீக்கியதும் என் தாயார் சிரித்துவிட்டார். “இதுவா ரோஸ் குக்கி! இது நம் அச்சு முறுக்கு அல்லவா!” போன வருஷம் பார்த்தும் பார்க்காமலிருந்திருக்கிறார். இரும்பு அச்சைக் காயும் எண்ணெயில் சூடாக்கி, மாவில் முக்கால் பாகம் தோய்த்து, மறுபடி எண்ணெயில் வைத்து உதறினால் பூவாகக் கழன்று வரும் அதே பலகாரம்! நம் நாட்டுக் கிறிஸ்துவ இல்லங்களில் அதிரசத்தோடும் முறுக்கோடும் அண்டை வீடுகளுக்குப் போகிற அதே அச்சு முறுக்கு. அன்று முதன்முறையாக அந்தத் தட்டில் இருந்ததை எங்கள் வீட்டில் எல்லாரும் உண்டோம். நீலப் பூத்தட்டு நிறையத் தேங்குழலோடு திரும்பிப் போயிற்று.

அதன்பின் ஒவ்வொரு டிசம்பரிலும் பத்து நாள் முன்னதாகவே அவ்வீட்டில் வேலை தொடங்கும். கேக்குக்கான பழங்கள் நவம்பர் முதலே ஜாடியில் ஊறும். அந்த ஜாடியின் பக்கம் மட்டும் என் தாயார் போகமாட்டார். குல்குல் செய்யும் மாலையில் எல்லாரும் கூடுவோம். சுண்டைக்காயளவு மாவை முள்கரண்டியின் முதுகில் வைத்து அழுத்தி உருட்டினால் வரிவரியாகச் சுருண்டு விழும். நூற்றுக்கணக்கில் உருட்ட வேண்டியிருப்பதால் தனியொருவர் செய்தால் அலுப்பு. பலர் கூடினால் விளையாட்டு. எத்தனை கதைகள் அந்த மேஜையைச் சுற்றி நடந்தன! என் மகள் ஆங்கிலம் பேசப் பழகியது பள்ளியில் அன்று, அந்த மேஜையில்தான். ஆஸ்திரேலிய மகள் கைப்பேசித் திரையில் தோன்றி, “என் கரண்டியை யார் வைத்திருக்கிறீர்கள்?” என்று கேட்பாள்.

2020-இல் நோய்த்தொற்றின் காரணமாக யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. அந்த டிசம்பரில் தட்டு செம்பருத்தி வேலியின்மேல் வைக்கப்பட்டது. அவர் வைத்துவிட்டு விலகிப் போனதும், என் தாயார் போய் எடுத்துக்கொண்டார். அதிலும் வெறுந்தட்டு திரும்பவில்லை.

2022 மழைக்காலத்தில் அந்த அம்மாள் காலமானார். அந்த ஆண்டு நவம்பரில் ஜாடியில் பழம் ஊறவில்லை. டிசம்பர் வந்தது, அடுத்த வீட்டில் நட்சத்திரமும் தொங்கவில்லை. நாங்களாக எதையும் கேட்கத் துணியவில்லை. 20-ஆம் தேதி வாக்கில் மகன் வந்தார். பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் தாயாரின் கையில் கொடுத்தார். பிரித்தால், நீண்ட காம்போடு கூடிய இரும்பு அச்சு. அதன் கீழே நீலப் பூத்தட்டு.

“எனக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும், ஆன்ட்டி. இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அம்மா இருந்தால் எத்தனை வீட்டுக்குக் கொடுப்பாரோ, அத்தனை வீட்டுக்கும் கொடுக்க வேண்டும். மாவுக்கும் எண்ணெய்க்கும் பணம் தருகிறேன்.”

பணத்தை என் தாயார் வாங்கவில்லை, அச்சை வாங்கிக்கொண்டார். அன்று தொடங்கி மூன்று நாள் எங்கள் அடுப்பு அணையவில்லை. முதல் ஈடு முழுவதும் அச்சைவிட்டுக் கழலாமல் கருகிற்று. “துரைசானியம்மா கோபித்துக்கொண்டிருக்கிறாள்” என்றார் என் தாயார். இரண்டாம் ஈட்டிலிருந்து பூக்கள் ஒவ்வொன்றாக மிதந்தன. மகள் கரண்டி முதுகில் குல்குல் உருட்டினாள். கேக்கை மட்டும் அவர் கடையில் வாங்கி வந்தார். பதினான்கு வீடுகளுக்கு, கிறிஸ்துவர் வீடு, முஸ்லிம் வீடு, ஒடியர் வீடு, தெலுங்கர் வீடு என்று பாராமல், அவரும் என் மகளுமாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். பாத்திரம் துலக்கும் பெண்ணின் வீட்டுக்கு முதல் தட்டு.

அன்புள்ள வாசகர்களே! நாம் வயிற்றுப் பிழைப்புக்காக ஊர்விட்டு வந்தவர்கள். நமது பாஷையையும் வழக்கங்களையும் காப்பாற்றிக்கொள்வதற்காகத்தான் சங்கம் வைத்திருக்கிறோம், பத்திரிகை நடத்துகிறோம். அது நல்லதே. ஆனால் அவ்வழக்கங்களில் எது நமக்குள் மட்டும் வைத்துக்கொள்ளத்தக்கது, எது அடுத்த வீட்டுக்கும் உரியது என்று யோசிக்க வேண்டும். வெறுந்தட்டைத் திருப்பக் கூடாது என்ற முறைமையை, பெரம்பூர்ப் பாட்டியிடம் கற்று அரை நூற்றாண்டு மறவாமல் வைத்திருந்தவர், தமிழரல்லாத ஓர் அம்மாள். தமிழர்களாகிய நாங்கள்தான் ஒரு டிசம்பரில் அதை மறந்தோம்.

இந்த மாதம் உங்கள் வீட்டுக்கும் எங்கிருந்தாவது ஒரு தட்டு வரக்கூடும். உண்ண முடியாத பண்டம் அதிலிருந்தால், வந்தவரை உட்காரவைத்து, மனம் நோகாமல் சொல்லிவிடுங்கள், சொன்னால் புரிந்துகொள்வார்கள். தட்டு வராவிட்டால் நீங்கள் ஒன்றை அனுப்புங்கள். அந்த இரும்பு அச்சு எங்கள் வீட்டுப் பரணில் இல்லை. எண்ணெய் தடவி, சமையலறை ஆணியில் மாட்டியிருக்கிறது. மார்கழி முதல் தேதியன்று அதை எடுத்துப் பழக்க வேண்டுமென்று என் தாயார் இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்.